கேணல் சொல்லித்தந்த நான்கு குணங்கள்

போன மாதம் எங்கள் வேலையிடத்தில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நல்ல தலைமை என்றால் என்ன என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து, சுவரில் படம் காட்டிப் பேசினார். நீதி, துணிவு என்று அவர் தொடங்கியதுமே எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து போய்க் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். கூட வேலை செய்கிறவள் பின்னால் வந்து, மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டாள். அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு என்னத்தை விளக்குவது?

உங்களுக்கு விளக்கலாம். நீங்களும் என்னைப் போலத் தொண்ணூறுகளில் பிள்ளைகளாக இந்த நாட்டுக்கு வந்து, ஹைம் என்கிற அகதி விடுதிகளில் வளர்ந்து, இப்போது மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு திரிகிறவர்கள். கூடும் இடங்களில் எல்லாம் அந்தக் காலத்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்துத்தான் பேசுகிறோம். ஒரே கட்டிலில் மூன்று பேர் படுத்தது, பொதி பொதியாகக் கொடுத்த குளிர்ந்த சொசேஜைக் கண்டு அம்மாமார் முகத்தைச் சுளித்தது, எல்லாமே இப்போது பகிடி. நான் சொல்லப்போவது பகிடி இல்லை. சொன்னால் எல்லாருடைய சந்தோசமும் கெட்டுவிடும் என்று இத்தனை காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஹைம் பிராங்பேர்ட்டுக்கு வெளியே, எஸ்-பான் ரயில் போய் நிற்கிற கடைசி ஊருக்கும் அப்பால் இருந்தது. அமெரிக்கப் படை விட்டுவிட்டுப் போன கட்டடம். நீளமான நடைபாதையில் தரைமெழுகின் மணம் ஒருநாளும் போகாது. அதற்குமேல் எங்கள் வெங்காயம், பக்கத்து அறை அல்பேனியர்களின் மிளகாய், யாரோ காயவைத்த சப்பாத்து எல்லாம் சேர்ந்து மணக்கும். கதவுகளில் படைக்காலத்து ஆங்கில எழுத்துகள் அழியாமல் இருந்தன. எங்கள் கதவில் இருந்ததை வாசித்துவிட்டுச் சித்தப்பா அம்மாவைக் கூப்பிட்டார்.

"அண்ணி, உங்கடை தேங்காய் திருவலையை வெளியில வையுங்கோ. ஆயுதம் உள்ளுக்குக் கொண்டுவரக் கூடாதெண்டு எழுதியிருக்கு."

சித்தப்பா அப்பாவின் தம்பி. ஒரே அறையில் படுக்கை விரிப்பைக் கயிற்றில் போட்டு மறைத்து, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். ஹைமில் இருந்த தமிழ் ஆண்கள் எல்லாருக்கும் தலைமயிர் வெட்டிவிடுகிறவர் அவர்தான். ஊர்க்காரர் வேண்டாம் என்று றோட்டோரம் போட்ட சாமான்களுக்குள் ஒரு சிவப்புச் சைக்கிளைக் கண்டெடுத்து, இருக்கை இல்லாத இடத்தில் தலையணையைக் கட்டி, அதில் என்னை ஓடப் பழக்கினார். அந்தத் தலையணை மழையில் ஊறி, ஓடும்போதெல்லாம் பாவாடை நனையும். பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது பெரிய விசயமாகவே படவில்லை.

கோடையிலும் அவர் சேர்ட்டைக் கழற்ற மாட்டார். ஊரில் ஆமிக்காரர் அவரைப் பிடித்து வைத்திருந்து, முதுகில் அடையாளம் போட்டுத்தான் விட்டிருந்தார்கள். இங்கே அகதியாக ஏற்கச் சொல்லிப் போட்ட வழக்கில் எங்கள் மூன்று பேருடையதும் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவருடையதை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஒவ்வொரு தவணைக்கும் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், இன்னும் கொஞ்சக் காலம் இருக்கலாம் என்று முத்திரை குத்திக்கொண்டு வருவார். முத்திரை குத்தாத அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் கொழும்பில் இறங்கும்போதே பிடிப்பார்கள் என்பது பத்து வயதுப் பிள்ளையான எனக்கே தெரியும்.

இந்த நிலைமையில்தான் கேணல் வந்து சேர்ந்தார். அமெரிக்கப் படையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். படை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போக, இவர் ஜேர்மன் மனைவியோடு அந்தச் சிறு ஊரிலேயே வீடு வாங்கித் தங்கிவிட்டார். நெடுத்த மனிதர். சலவை மடிப்புக் குலையாத வெள்ளைச் சேர்ட், கன்னத்தில் ஷேவ் எடுத்த வாசனை. சனிக்கிழமைகளில் பழைய சாப்பாட்டு மண்டபத்தில் அகதிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கப் போவதாக அறிவித்தார். கணக்கோ ஜேர்மனோ இல்லை, நற்குணம். சுவரில் நாலு மட்டைகளைத் தொங்கவிட்டு விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தார். பழைய கிரேக்கரும் ரோமரும் இந்த நாலையும் கண்டுபிடித்தார்களாம். அமெரிக்காவை உண்டாக்கினவர்கள் அவற்றைப் படித்துத்தான் நாட்டைக் கட்டினார்களாம். குடிமக்களிடம் இந்தக் குணங்கள் செத்தால் குடியரசும் செத்துவிடுமாம்.

எங்கள் பெற்றோருக்கு அந்த நாலு மட்டைகளும் கண்ணில் படவே இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இலவசமாக இங்கிலீஷ். ஜேர்மனியில் யார் இருக்கப் போகிறார்கள், நாளைக்குக் கனடாவுக்கோ லண்டனுக்கோ போகிற பிள்ளைகள்தானே என்று தலைவாரிப் பவுடர் பூசி எங்களை அனுப்பிவைத்தார்கள். தன் நற்குணப் பாடத்துக்கு இத்தனை வரவேற்பா என்று கேணல் கண்கலங்கிப்போனார். இரண்டு பக்கமும் ஆளையாள் தப்பாகவே விளங்கிக்கொண்டு, கோடை முழுவதும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

வகுப்பு என்னவோ சுவாரசியமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். கதிரைகளை வட்டமாகப் போடச் சொல்வார். ஆங்கிலத்தில் பேசி, எங்களுக்கு விளங்காததைத் தன் அரைகுறை ஜேர்மனில் திரும்பச் சொல்வார். தன்னுடைய ஊரில் சனங்கள் மண்டபத்தில் கூடி, கையை உயர்த்தி, வீதிக்கு விளக்குப் போடுவதா பாலம் கட்டுவதா என்று முடிவெடுப்பார்களாம். நாங்களும் அப்படியே கையை உயர்த்தி முன்மொழிந்தோம், வழிமொழிந்தோம். மேசையில் தட்ட ஒரு குட்டி மரச் சுத்தியல் இருந்தது. ரோமாபுரியில் வயல் உழுதுகொண்டிருந்த ஒருவனைக் கூப்பிட்டுத் தலைவனாக்கினார்களாம், சண்டை முடிந்ததும் அவன் பதவியை விட்டுவிட்டுத் திரும்பவும் உழப் போய்விட்டானாம். அறைக்கு வந்து நான் அதைச் சொன்னபோது சித்தப்பா என் தலைமயிரை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"தோட்டத்துக்குத் திரும்பிப் போன தலைவரோ? எங்கடை பக்கம் ஒருத்தரையும் நான் காணேல்லை, குஞ்சு."

கேணலுடைய முக்கியமான சட்டம் ஒன்று இருந்தது. தலைவன் கடைசியாகத்தான் சாப்பிட வேண்டும். வகுப்பின் நடுவில் அவருடைய மனைவி செய்த எலுமிச்சைக் கேக் வரும். மேலே வெள்ளைச் சீனிப்பாகு பூசிய கேக். பிள்ளைகளால் தெரிவுசெய்யப்பட்ட தலைவன் எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைத் தான் சாப்பிட வேண்டும். தெரிவு வருகிறது என்று கேள்விப்பட்டதும் மன்றத் தலைவர் எங்கள் அறைக்கு வந்தார். ஹைமில் இருந்த தமிழருக்கு ஒரு மன்றம் வைத்து, அதற்குத் தானே தலைவராகவும் இருந்தவர் அவர். எதைப் பேசினாலும் தொண்டையைச் செருமித்தான் தொடங்குவார்.

"அண்ணை, யோசிச்சுப் பாருங்கோ. ஜேர்மன்காரனை வெண்டவன் அமெரிக்கன். கேணல் போய் ஒரு சொல்லுச் சொன்னா அலுவலகத்தில இருக்கிறவன் எழும்பி நிண்டு முத்திரை குத்துவான். உங்கடை பிள்ளை அவரிட்டைத் தலைவியா இருந்தா, நாளைக்குத் தம்பியின்ரை அலுவலுக்கு அவர் ஏலாதெண்டு சொல்லுவாரோ?"

அப்பாவுக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. எங்கள் ஆட்களுக்குத் தலைமை என்றால் அதுதானே? தன் ஆளுக்கு ஒரு அலுவல் பார்த்துக் கொடுக்க முடியாதவனை யார் தலைவன் என்று மதித்தார்கள்? அப்பா அறை அறையாகப் போய் வாக்குக் கேட்டார். பிராங்பேர்ட்டிலிருந்து தமிழ்ப்படக் கசெட் எடுத்துவந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுக்காட்டுகிறேன் என்று சொன்னார். சொன்னபடி போட்டும் காட்டினார். தமிழ்ப் பிள்ளைகளின் கை எல்லாம் ஒன்றாக உயர்ந்தது. யாரும் சொல்லித்தராமலே பிள்ளைகள் இப்படி ஒருமனதாகத் தெரிவுசெய்கிறார்களே, இதுதான் உண்மையான மக்களாட்சி என்று கேணல் மெய்சிலிர்த்து நின்றார். எனக்கு அன்றைக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் கேக் வெட்டினேன். எனக்கு வருவது தட்டில் ஒட்டிய தூளும் பாகும்தான். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"தலைவி தலைவியெண்டு போட்டு என்ரை பிள்ளைக்கு ஒரு துண்டு கேக்கும் இல்லை. இது என்ன தலைமை?"

ஆனால் அதே அம்மாதான் கேணல் வீட்டுக்குப் போய் அவருடைய சேர்ட்டுகளை அயன் பண்ணினார். யாரும் கேட்கவில்லை. ஒரு மனிதர் சும்மா படிப்பிக்கிறார், நாங்கள் வெறுங்கையோடு இருக்கலாமா என்று ஹைம் அம்மாமார் தாங்களாகவே முறை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் நிலம் துடைப்பார், ஒருவர் யன்னல் கழுவுவார், ஒருவர் ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரித்துக் கொண்டுபோவார். முதல் நாள் கேணல் வேண்டாம் என்று கையை அசைத்தாராம். அடுத்த வாரம் எந்த அறையில் தூசி இருக்கிறது என்று காட்டினாராம். வகுப்பில் அதைக் 'குடிமைச் சேவை' என்று புகழ்ந்தார். எங்கள் தாய்மாரின் வெடித்த கைகளை அவர் ரோமாபுரிப் பெண்களின் கைகளோடு ஒப்பிட்டுப் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. நீதி என்று எழுதிய மட்டைக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தார். மடிப்புக் குலையாத அந்தச் சேர்ட்டை அயன் பண்ணினது என்னுடைய அம்மா. நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

இலையுதிர் காலம் தொடங்கும்போது சித்தப்பாவுக்கு அடுத்த டெர்மீன், அலுவலகம் குறித்த தவணை, வந்தது. செவ்வாய்க்கிழமை காலை மாவட்ட அலுவலகத்துக்கு வர வேண்டும். இந்த முறை உடுப்புப் பையோடு வரச் சொல்லி இருந்தது. அதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அந்த அலுவலகத்தில் இருப்பவர்களின் குரலே மாறிவிடும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீதான் கேக்கோணும். கடிதம் ஒண்டும் தரத் தேவையில்லை எண்டு சொல்லு. சித்தப்பாவோடை வந்து சும்மா பக்கத்தில நிண்டாக் காணும்."

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு கேட்டேன். சித்தப்பாவின் முதுகைப் பற்றியும் சொன்னேன். கேணல் ஒரு கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். என் தோளில் கை வைத்தார். அந்த வாசனை இப்போதும் வருகிறது.

"நீ ஒரு தலைவி," என்றார். "தலைவி தன் வீட்டுக்காக எதையும் கேட்கக் கூடாது. எனக்குத் தெரிந்தவன் என்பதற்காக உன் சித்தப்பாவோடு நான் போய் நின்றால், தெரியாதவனுக்கு யார் நிற்பது? சலுகை கேட்பதிலிருந்துதான் ஒரு நாடு அழுகத் தொடங்குகிறது. ரோமாபுரியில் ஒரு தலைவன் தன் சொந்தப் பிள்ளைகளுக்கே தண்டனை கொடுத்தான். எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நீதி அதுதான்."

நான் அதை அறைக்குக் கொண்டுவந்து தமிழில் சொன்னேன். அப்பா, கேட்டிருக்கவே கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பாதான் என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"அவர் சொல்லுறதில ஒரு நியாயம் இருக்கு, அண்ணை. இப்பிடி ஒரு ஆள் எங்கடை நாட்டில இருந்திருந்தா நாங்கள் ஏன் இஞ்சை வாறம்?"

சாகப்போகிற இடத்துக்குப் போகிற மனிதர் அந்த ஆளுக்கு நற்சான்று கொடுத்தார்.

அடுத்த நாட்களில் ஒருநாள் அம்மாவுக்குக் கேணல் வீட்டு முறை. நானும் கூடப் போனேன். அம்மா உள்ளறையில் அயன் பண்ண, நான் படிக்கட்டில் இருந்தேன். கேணல் கூடத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய ஜேர்மன் இழுபறியாக, நிறுத்தி நிறுத்தி வரும். அதனால் ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது. மாவட்ட அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்த தன் சிநேகிதரோடு பேசினார். மனைவியின் அக்கா மகன் குடித்துவிட்டுக் கார் ஓடிப் பிடிபட்டிருக்கிறான். லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள்.

"நல்ல பையன்," என்றார். "ஒரு நண்பனாகத்தான் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை நானே அவனோடு வந்து நிற்கிறேன்."

பேசி முடித்து ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். என்னைக் கண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குடிக்க ஜூஸ் வேண்டுமா என்று கேட்டார். அதுதான் என்னைக் கொல்கிறது. திடுக்கிட்டிருந்தால், ஒளிக்கப் பார்த்திருந்தால், தான் செய்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்திருப்பேன். அந்த மனிதருக்கு இரண்டு விசயமும் ஒன்றாகவே தெரியவில்லை. தன்னுடைய ஆள் என்றால் உதவி, எங்களுடைய ஆள் என்றால் சலுகை.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குக் கோபம் வந்தது, என் மேல்.

"பெரிய மனிசர் அப்பிடிச் செய்யமாட்டினம். உனக்கு விளங்கேல்லை."

டொக்டரிடம் போனாலும் அலுவலகத்துக்குப் போனாலும் வீட்டுக்கே நான்தான் வாய். அம்மாவின் கருப்பைக் கட்டியைப் பற்றி அம்மாவுக்கே நான்தான் சொன்னேன். அப்போதெல்லாம் எனக்கு விளங்கியது. இது மட்டும் விளங்கவில்லையாம். அப்பாவுக்கு யாராவது ஒருவர் நல்லவராக இருக்க வேண்டியிருந்தது. இப்போது அவருடைய வயதைத் தாண்டி நின்று பார்க்கும்போது அது எனக்குப் புரிகிறது, ஆனாலும் மனம் ஆறவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பாவும் சித்தப்பாவும் உடுப்புப் பையோடு பஸ் ஏறினார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அப்பா மட்டும் கட்டிலில் சப்பாத்தோடு இருந்தார். முத்திரை குத்துகிற யன்னலுக்குப் பக்கத்துக் கதவால் பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். சித்தப்பா திரும்பி, "அண்ணை, பிள்ளையின்ரை சைக்கிளுக்குக் காத்து இல்லை, பாருங்கோ" என்று சொன்னாராம்.

பிறகு அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கேணலைக் கண்டனான். ஒரு பெடியனோடை மேல்மாடிக்கு ஏறிப் போறார். என்னைக் கண்டு கையைக் காட்டினவர்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"நானும் காட்டினன்."

அதற்குப் பிறகு சாகும்வரை அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் சித்தப்பாவை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கொழும்பில் இறங்கும்போது கண்டதாக ஒருவர் பிறகு எழுதினார். வெளியே வந்ததைக் கண்டதாக இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். மன்றத் தலைவர் வந்து தொண்டையைச் செருமினார். மற்றக் குடும்பங்களுக்கும் டெர்மீன்கள் வருகின்றன, இந்த நேரத்தில் கேணலின் மனம் கோணக் கூடாது, பிள்ளை வராவிட்டால் அவர் என்ன நினைப்பார் என்றார். அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைக்குத்தான் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அன்றைக்குத் தேநீர் ஊற்றுகிற முறை அம்மாவுக்கு. அம்மா கண்ணைக் கழுவிக்கொண்டு, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்தார். நான் கேக்கை வெட்டி எல்லாருக்கும் கொடுத்தேன். கைதான் கொடுத்தது.

கேணல் எழுந்து, என்னைத் தன் பக்கத்தில் வரச் சொன்னார். தோளில் கையை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். இந்தச் சின்னப் பெண் என்னிடம் ஒன்று கேட்டாள், நான் மறுக்க வேண்டியிருந்தது. இந்த வாரம் அவள் தனக்கு நெருங்கிய ஒருவரை இழந்தாள். ஆனாலும் பாருங்கள், தன் கடமைக்கு வந்திருக்கிறாள். சக குடிமக்களுக்குப் பரிமாறினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மூன்றாவது மட்டையைப் பாருங்கள். துணிவு என்றால் இதுதான். அமெரிக்காவில் இவளைப் போன்றவர்கள்தான் நாளைக்குத் தலைவர்கள் ஆவார்கள்.

மன்றத் தலைவர்தான் முதலில் கைதட்டினார். பிறகு பிள்ளைகள் தட்டினார்கள், சுவரோரம் நின்ற அப்பாமார் தட்டினார்கள். நான் கூட்டத்துக்கு மேலால் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் ஒரு வெளிச்சம். எனக்கு அம்மா மேலேயே அருவருப்பு வந்தது.

முடிந்து அறைக்குப் போகும் வழியில், நடைபாதையில் வேறு யாரும் இல்லாத இடத்தில், அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னவாம் பிள்ளை? எப்பவாம்?"

"என்ன எப்ப?"

"உன்னைக் காட்டிக் காட்டிக் கதைச்சாரெல்லோ. சித்தப்பாவைத் திருப்பிக் கூப்பிடப் போறாராம் எண்டுதானே சொன்னவர்? அதுக்குத்தானே நான் அப்பிடிக் கைதட்டினனான்."